கட்டம் கட்டமாக ஒரு பெயர்

பொடிசுக்கு வயது நாற்பத்தொன்று. தலையில் பாதி நரைத்துவிட்டது. ஆபீஸில் அவள் தும்மினால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அதெல்லாம் வெளியே. அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய நிமிஷமே அவள் பொடிசுதான்.

"வந்துட்டியா பொடிசு! வா வா. உங்கண்ணன் விடிஞ்சதுலேருந்து ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். திரை கிழியாம இருக்கிறதே பெரிய விஷயம்" என்றாள் அண்ணி, பையை வாங்கிக்கொண்டே.

அண்ணன் ஜன்னலோரம் நின்று சிரித்தான். கழுத்தில் மாட்டியிருந்த பெட்டியில் இரண்டு கட்டைவிரலாலும் கடகடவென்று தட்டி, பச்சைப் பொத்தானை அழுத்தினான். அப்புறம் மூன்று பேரும் காத்திருந்தார்கள். அண்ணி பையை உள்ளே வைத்துவிட்டு வந்தாள். பொடிசு தண்ணீர் குடித்து டம்ளரைக் கீழே வைத்தாள். அதற்கப்புறம்தான் பெட்டி வாயைத் திறந்தது.

"ஏன் இளைச்சுட்டே?"

"வரும்போது நல்லாத்தான் இருந்தேன். நீ கேட்டு முடிக்கிறதுக்குள்ள இளைச்சுட்டேன்" என்றாள் பொடிசு. அண்ணன் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தான்.

போன வருஷம் அவனுக்குத் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் மிஞ்சியது, குரல் போயிற்று. உயிர் மிஞ்சியதே போதும் என்று அந்த வீட்டில் எல்லோரும் வாய்விட்டுச் சொன்னார்கள், மனசாரவும் சொன்னார்கள். ஆனால் அவன் வாத்தியார் ஆயிற்றே. இருபது வருஷமாகப் புவியியல் நடத்தியவன். நாற்பது பிள்ளைகளைப் பேச்சாலேயே கட்டி மேய்த்தவனுக்குக் கடைசியில் கிடைத்தது இந்தப் பேசும் பெட்டி. தட்டெழுதினால் பேசும். பேசுவதற்கு முன்னால் யோசிக்கும். அந்த யோசனைதான் அவன் மானத்தை வாங்கியது.

நடந்ததைக் கேளுங்கள். புதன்கிழமை வகுப்பில் ஒருவன் பின்பெஞ்சில் உட்கார்ந்து விசில் அடித்திருக்கிறான். வாத்தியார் "வெளியே போ கழுதை" என்று தட்டி, பொத்தானை அழுத்தினார். பெட்டி யோசித்தது. விசிலடித்தவன் அடங்கிவிட்டான். வகுப்பே அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் கதவு திறந்தது, ஹெட்மிஸ்ட்ரஸ் உள்ளே வந்தார். பெட்டி அப்போதுதான் யோசித்து முடித்து, நல்ல கணீர் குரலில் சொல்லிற்று: "வெளியே போ கழுதை!"

பிள்ளைகள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் கெட்டவர் அல்ல. மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். ஆனால் சாயங்காலம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "சார், உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா பிள்ளைங்களுக்குப் பாடம் ஓடணும். திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு நானே வந்து உட்கார்றேன். ஓடுச்சுன்னா சரி. இல்லேன்னா உங்களை விடைத்தாள் அறைக்கு மாத்திடுறேன். சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

சம்பளம் யாருக்கு வேண்டும்? அண்ணி அன்றைக்கே பொடிசுக்கு போன் போட்டுவிட்டாள். "உங்கண்ணன் குளிக்கிற அறையில நின்னுக்கிட்டு பாடம் நடத்துறார்மா. சத்தமே கிடையாது. வாய் மட்டும் அசையுது, கை ஆடுது. கதவு இடுக்கு வழியா பார்த்துட்டு வந்து அழுதேன்" என்றாள். பொடிசு அப்போதே டிக்கெட் எடுத்தாள். சனிக்கிழமை பஸ் ஏறிவிட்டாள்.

துணி துவைக்கும் மெஷின்களுக்குள் இருக்கும் குட்டி மூளைக்கு நிரல் எழுதுவது அவள் பிழைப்பு. அதனால் அண்ணனின் பெட்டி ஏன் யோசிக்கிறது என்று அவளுக்கு போனிலேயே பாதி பிடிபட்டிருந்தது. பெட்டிக்குள் இருந்த சிப்பில் தசமக் கணக்குப் போடுவதற்கென்றே தனியாக ஒரு பகுதி இருக்கிறது. குரலை உண்டாக்குவது முழுக்க அந்தக் கணக்குதான். ஆனால் நாம் எழுதும் நிரலைச் சிப்பின் பாஷைக்கு மாற்றும் கம்பைலர் பழசு. அதற்கு அப்படி ஒரு பகுதி இருப்பதே தெரியாது. கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிப் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தது.

பெட்டியைச் செய்த கம்பெனி எப்போதோ மூடியாகிவிட்டது. மூடும்போது ஒரு புண்ணியம் கட்டிக்கொண்டது. உள்ளே ஓடும் நிரல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெளியே விட்டுவிட்டுப் போனது. அந்த முடிவை எடுத்தவர் யாரோ, எங்கே இருந்தாலும் பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்கட்டும் என்று பஸ்ஸில் வரும்போதே பொடிசு வாழ்த்திக்கொண்டு வந்தாள். இனி செய்ய வேண்டியது, புதுக் கம்பைலர் ஒன்றை அந்தச் சிப்புக்கென்றே கட்டி, அதைக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி மாற்றுவது. ரெடிமேடாகக் கிடைப்பது எதுவும் அந்தப் பழைய பெட்டிக்கு ஒத்துவரவில்லை. ஆபீஸ் மடிக்கணினியில் சொந்த வேலை செய்யக் கூடாது என்பது அவள் ஆபீஸ் சட்டம். ஆகவே அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டர்தான் கதி. அவளே அவனுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாள்: "புதுசா ஒரு போல்டர் போட்டு எல்லாத்தையும் இறக்கி வை. பேர் என்ன வேணா வை, இடைவெளி மட்டும் விடாதே. இந்தக் கருவிங்களுக்கு இடைவெளின்னா ஆகாது." அவனும் சரி என்றிருந்தான்.

அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதைப் பற்றிச் சும்மா சொல்லக் கூடாது, கிழம். கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திறந்தால், போல்டரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது. எழுத்துரு இல்லை போலிருக்கிறது, இறக்கும்போது வந்த ஏதோ குப்பை என்று பொடிசு அதைச் சட்டை செய்யவில்லை. டேப் பொத்தானைத் தட்டினால் முழுப்பெயரும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். என்ன எழுதியிருந்தால் அவளுக்கென்ன?

முதலில் பழைய நிரலில் நாலு வரி புதுக் கம்பைலருக்குப் பிடிக்கவில்லை. திருத்தினாள். அடுத்து, சிப்புக்கான நூலகத்தை, அதாவது ரெடிமேட் நிரல் தொகுப்பைத் தேடச் சொன்னால், அது இந்தக் கம்ப்யூட்டரின் நூலகத்தை எடுத்து ஒட்டப் பார்த்துவிட்டு, வகை பொருந்தவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. இது எப்போதும் வருகிற வியாதிதான். இங்கே உட்கார்ந்து வேறொரு இடத்துக்குக் கட்டும்போது, இது எது அது எது என்று கருவிகளுக்கே மறந்துபோகும். வழி காட்டிவிட்டாள். அப்புறம் வந்தது மூன்றாவது.

அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது.

பார்த்தாள். கோப்பு இருந்தது. திறந்தாள், திறந்தது. ஓடச் சொன்னால் மட்டும், அப்படி ஒரு கோப்பு இல்லை.

"இருக்கேடா! கண்ணு முன்னாடி உட்கார்ந்திருக்கேடா!" என்று பொடிசு திரையைப் பார்த்துக் கத்தினாள். அண்ணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உங்கண்ணன் கண்ணாடி தேடுறப்ப நான் சொல்றதும் இதேதான்" என்றாள்.

அழித்துவிட்டு மறுபடி கட்டினாள். மணிக்கணக்காக ஓடி அதே இடத்தில் அதே பதில். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தாள். ஓடாமல் நின்றது ஒரு ஸ்கிரிப்ட், கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு. ஸ்கிரிப்டின் முதல் வரியில், என்னை வாசிக்க வேண்டியவர் இன்ன போல்டரில் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று முகவரி எழுதியிருக்கும். பழைய சிஸ்டங்கள் அந்த வரியில் நூற்றிருபத்தேழு எழுத்துக்கு மேல் படிக்காது, மிச்சத்தை வெட்டிவிடும். வெட்டின முகவரிக்குப் போனால் ஆள் கிடைப்பாரா? இது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்ததால்தான் விரல் வைத்து எண்ணினாள். கட்டங்களையும் சேர்த்து எழுபதுகூட வரவில்லை. அப்படியானால் அது இல்லை என்று தள்ளிவிட்டு, இல்லாத இடமெல்லாம் தேடப் போனாள். சாப்பாட்டு வேளைக்குள் அவளுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது.

அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். டீ ஆறிப்போனால் எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்து வைத்தான். அதுதான் அவளை இன்னும் கொன்றது. கோபித்துக்கொண்டாலாவது சண்டை போடலாம்.

கடைசியில் மானம் பார்க்காமல் ஆபீஸ் டெஸ்டருக்கு போன் போட்டாள். அவள் எழுதும் நிரலில் ஓட்டை கண்டுபிடிப்பதே அவன் வேலை. அதைச் சந்தோஷமாகச் செய்யும் ஜென்மம். பின்னால் நாய் குரைக்கும் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் கேட்டன.

"சொல்லு மேடம். நாயைக் குளிப்பாட்டிட்டிருக்கேன். என்னைக் கடிக்கிறது இது, உன்னை எது கடிச்சுது?"

பொடிசு எல்லாவற்றையும் ஒப்பித்தாள். டெஸ்டர் குழாயை மூடினான்.

"நீளமா இருக்குமோ?"

"எண்ணிட்டேன்பா. எழுபதுக்குக் கீழ."

"எதை எண்ணினே? எழுத்தையா, பைட்டையா?"

பொடிசு மறுபடி திரையில் விரலை வைத்தாள்.

"நடுவுல என்னமோ கட்டம் கட்டமா இருக்குன்னியே, அது எந்த பாஷை?" என்றான் டெஸ்டர்.

"யாருக்குத் தெரியும்? குப்பை."

"குப்பையை காப்பி பண்ணி எனக்கு அனுப்பு."

அனுப்பினாள். வழக்கமாக இந்த இடத்தில் டெஸ்டர் விழுந்து விழுந்து சிரிப்பான். சிரிக்கவில்லை.

"மேடம்" என்றான். "இது தமிழ். மெஷின் எண்ணுறது பைட்டைத்தான். இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட், நம்ம எழுத்து ஒவ்வொண்ணுக்கும் மூணு. புள்ளிக்கு மூணு, காலுக்கு மூணு. அதான் வெட்டுது. மாத்திடு, சரியாயிடும். ஆனா மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாரு. நான் படிச்சிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கோ. நான் நாயைப் பார்க்கிறேன்."

வைத்துவிட்டான். பொடிசு, டெஸ்டருக்கு அனுப்பிய மெசேஜை அண்ணனின் கம்ப்யூட்டரில் நிமிர்ந்து பார்த்தாள். கறுப்பு ஜன்னலில் கட்டமாகத் தெரிந்தது இங்கே எழுத்தாகத் தெரிந்தது. மூச்சுவிடாமல் ஒட்டிக்கொண்டு நின்றது.

நடந்தாலும்நடக்காட்டியும்நன்றிபொடிசு

இரண்டு நாளாக அவள் டேப்பைத் தட்டித் தட்டி வரவழைத்தது இதைத்தான். ஒவ்வொரு தவறுக்கும் கம்ப்யூட்டர் திரையில் இந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் குப்பை என்றாள். இருபது வருஷம் கம்ப்யூட்டரோடு குப்பை கொட்டியவள், அ ஆவன்னா படித்த பாஷையில் கோட்டை விட்டிருந்தாள்.

"அண்ணா!" என்றாள். "இது என்ன பேரு?"

அண்ணன் திரையைப் பார்த்தான். அவன் முகம் திருடிப் பிடிபட்ட பிள்ளையின் முகம் மாதிரி ஆகிவிட்டது. அவசர அவசரமாகத் தட்டினான். பெட்டி யோசித்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இடைவெளி விடலையே."

அண்ணி சிரித்துவிட்டாள். பொடிசும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. "வேலையே முடியல. அதுக்குள்ள என்னடா அவசரம் நன்றிக்கு?" என்றாள். அண்ணனைப் பதினாறு வயசுக்கு அப்புறம் அவள் டா போட்டதே இல்லை.

அவன் இந்த முறை நிறையத் தட்டினான். அழித்தான், மறுபடி தட்டினான். பொத்தானை அழுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பெட்டி எப்போதையும்விட அதிகமாக யோசித்தது.

"வேலை முடிஞ்சா நன்றி சொல்லிடலாம். முடியாட்டி நீ சொல்ல விடமாட்டே. அழுதுட்டு பஸ் ஏறிடுவே. அதான் முன்னாடியே எழுதி வெச்சேன்."

பொடிசு எழுந்து போய் அவன் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். அதற்கு மேல் அவளுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளுக்கு அந்த நேரத்தில் எல்லோர் மேலும் நன்றியாக வந்தது. நாயைக் குளிப்பாட்டும் டெஸ்டர் மேல், கதவு இடுக்கில் பார்த்து போன் போட்ட அண்ணி மேல், கட்டியை வெட்டிய டாக்டர் மேல், நூற்றிருபத்தேழு என்று கணக்கு வைத்த மகானுபாவன் மேல்கூட.

"நன்றி ரொம்ப நீளம்ணா. ஸ்கிரிப்ட் தாங்கலை. மாத்தணும்" என்றாள்.

"என்ன பேர்?" என்று அவன் கையாலேயே கேட்டான்.

"a. ஒரே எழுத்து. ஒரே பைட்."

முகம் சுண்டிப்போயிற்று. "அவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்கினான்.

"a-ன்னா அண்ணன்னு வெச்சுக்கோங்களேன்" என்றாள் அண்ணி. அவன் பெருமையாகத் தலையாட்டினான்.

பழைய முகவரி உள்ளே எல்லா இடத்திலும் பதிந்துபோயிருந்ததால் முதலிலிருந்துதான் கட்ட வேண்டியிருந்தது. ஓடவிட்டுவிட்டு மூவரும் சாப்பிட்டார்கள். அண்ணியும் அண்ணனும் சீட்டு விளையாடினார்கள், அண்ணன் ஏமாற்றினான், அண்ணி கண்டுபிடித்தாள். நடுநடுவே பொடிசு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஸ்கிரிப்ட் நின்ற இடம் வந்தபோது திரையருகே போய் நின்றாள். சட்டென்று தாண்டிப் போய்விட்டது, இத்தனை நாள் ஒன்றுமே நடக்காதது போல. சாயங்காலம் டீ போடும் நேரத்துக்குக் கம்பைலர் கட்டி முடிந்தது. அதைக்கொண்டு பெட்டியின் நிரலை மாற்றி, கம்பி செருகி, உள்ளே ஏற்றினாள்.

அண்ணன் தட்டினான். பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு, பழக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கப் போனான். கை கட்டுவதற்குள் பெட்டி பேசிவிட்டது.

"சர்க்கரை போதலை."

திடுக்கிட்டு மூவரும் பெட்டியைப் பார்த்தார்கள். அண்ணி கரண்டியோடு நின்றாள். "அடப்பாவி மனுஷா" என்றாள். "ஒரு வருஷம் கழிச்சு முதல் முதலா வாயைத் திறந்ததும் என் டீயில குத்தமா?" சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். வெகுநேரம் சர்க்கரை டப்பாவைத் தேடுகிற சத்தம் கேட்டது. டப்பா மேஜை மேலேயே இருந்தது. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பொடிசு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை அண்ணனோடு போனாள். பத்து மணி பஸ்ஸைப் பிடித்தால் மத்தியானம் ஆபீஸ் போய்விடலாம். வகுப்புக்கு வெளியே வராந்தாவில், கம்பி போட்ட ஜன்னலோரம் நின்றுகொண்டாள். பெட்டி வீட்டில் பேசிவிட்டது சரி. நாற்பது வாலுகள் முன்னால் பேசுமா? ஹெட்மிஸ்ட்ரஸ் கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததிலேயே பிள்ளைகள் பாதி அடங்கியிருந்தார்கள், பாதி துடித்துக்கொண்டிருந்தார்கள்.

வாத்தியார் கரும்பலகையில் ஒரு கோளம் வரைந்தார். குறுக்கே கோடுகள் போட்டார். ஒரு கை வரைய, ஒரு கை தட்டியது. பெட்டி பேசியது. பூமி சுற்றுவதையும், ஓர் ஊரில் விடியும்போது இன்னோர் ஊரில் ஏன் இருட்டுகிறது என்பதையும் சொல்லிற்று. கேள்வி கேட்டார், பதில் வந்தது, வந்த வேகத்தில் "தப்பு, உட்காரு, அடுத்தது நீ" என்றார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பின்பெஞ்சுக்கு முன்பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். முகத்திலேயே வம்பு எழுதி ஒட்டியிருந்தது. "சார், பெட்டி வேகமா பேசுதே சார். நீங்க இப்ப ரோபோவா சார்?"

பொடிசு ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"ஆமா" என்றது பெட்டி, அவள் உட்காருவதற்குள். "அதனாலதான் உன் வீட்டுப்பாடம் எனக்கு மறக்கவே இல்லை. எடு."

வகுப்பு வெடித்தது. போன வாரம் அவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் இந்த வாரம் அவனோடு சிரித்தார்கள். வம்புக்காரியே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் குனிந்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். மணி அடித்தபோது அவர் பெஞ்சிலிருந்து சிரமப்பட்டு எழுந்து, "சார், பக்கத்து வகுப்பு டீச்சர் இன்னிக்கு லீவு. அந்தப் பிள்ளைங்களையும் இங்கேயே அனுப்புறேன், பார்த்துக்குங்க" என்றார்.

பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். ஒரு பெஞ்சுக்கு ஐந்து பேர், ஆறு பேர். இடத்துக்குச் சண்டை. வாத்தியார் நடுவில் நின்று தட்டிக்கொண்டே இருந்தார். நீ இங்கே, நீ அங்கே, பையைக் கீழே வை, யாருடா அது தள்ளுறது.

பொடிசு கையை உயர்த்தினாள், போய் வருகிறேன் என்று காட்டுவதற்காக. அவன் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. இன்னொரு தடவை உயர்த்தினாள். அவன் ஒரு பையனின் காதைப் பிடித்து முன்பெஞ்சுக்குக் கூட்டி வந்துகொண்டிருந்தான். தங்கை என்று ஒருத்தி வந்ததும், வெளியே நிற்பதும், பஸ்ஸுக்கு நேரமானதும் அவனுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

நன்றாக மறக்கட்டும். இதற்காகத்தானே வந்தாள். கடவுளே, நன்றி என்று வாய்விட்டே சொன்னாள். உயர்த்திய கையால் பையைச் சரிசெய்துகொண்டு, அவன் இரைச்சல் தெரு வரைக்கும் கேட்டுக்கொண்டே வர, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.